புயலுக்குப் பின்னால போக எந்த வண்டி நல்லம்? வாசகர் கேள்வி, வண்டிக்காரர் பதில்

ஐப்பசி பிறந்து வானம் கறுக்கத் தொடங்கினதும் கேள்விகளும் அந்தப் பக்கமாத்தான் வருது. போன மாசம் வரைக்கும் லீசிங், மைலேஜ், பெட்டரி எண்டு கேட்டுக்கொண்டிருந்த ஆக்கள் இப்ப மின்னல் படம் எடுக்க எந்தக் கார், வெள்ளத்துக்குள்ள இறக்க எந்த கெப் எண்டு கேக்கினம். சரி, இந்தமுறை முழுக்க அதையே பாப்பம்.

கேள்வி: அண்ணை, எனக்கு இடி மின்னல் எண்டா சின்ன வயசில இருந்தே பைத்தியம். அமெரிக்காவில புயலைத் துரத்திப் போய்ப் படம் எடுக்கிற ஆக்கள் மாதிரி இஞ்சயும் செய்து பாக்கவேணும். கையில ஒரு பழைய ஆல்டோ கிடக்கு. அதை வித்து, மிச்சத்துக்கு லீசிங் போட்டு டபிள் கெப் ஒண்டு எடுப்பமா, இல்லாட்டி ஜிம்னியா? சிநேகிதன் ஒருத்தன் கேடிஎச் வான் எடு, உள்ளுக்கயே படுத்தெழும்பலாம் எண்டுறான். எது சரி?
- மின்னல் பைத்தியம், உப்புவெளி

பதில்: தம்பி, லீசிங் பேப்பரில கையெழுத்து வைக்க முதல் கொஞ்சம் பொறுங்க. எந்த வண்டி எண்டு கேட்டிருக்கிறீங்க, ஆனா எதைத் துரத்தப் போறீங்க எண்டு சொல்லேல்ல. அதுதான் முதல்ல தெரியவேணும்.

அமெரிக்காவில அவங்க துரத்துறது டொர்னாடோவை, அதாவது முகிலில இருந்து நிலம் வரைக்கும் இறங்கிச் சுழலுற காத்தை. ஒக்லஹோமா, கன்சாஸ் பக்கம், கூடுதலா ஏப்ரல் மே ஜூன் மாசங்களில. நிலம் தட்டை, கண்ணுக்கெட்டின தூரம் வயல், கன இடங்களில மைலுக்கு ஒரு ரோட்டு நேர்கோட்டில போகும், வடக்கால வந்தா தெற்கால திரும்பலாம், கிழக்கால ஓடலாம். ஒரு நாளைக்கு எத்தனையோ நூறு கிலோமீற்றர் ஓடி, கடைசியில சில நிமிஷம் மட்டும் நிக்கிற ஒண்டைப் பிடிக்கிற வேலை அது. அதால அவங்களுக்கு முக்கியம் எண்ணெய்ச் செலவு குறைஞ்ச, நடுவழியில நிண்டுபோகாத, கண்ணாடியால நாலு பக்கமும் வடிவாத் தெரியிற வண்டி. டிவியில காட்டுற கவச வண்டியைப் பாத்துட்டு எல்லாரும் அதிலதான் போறாங்க எண்டு நினைக்காதீங்க. ஷோன் கேசி எண்டவர் டொட்ஜ் ராம் 3500 ஒண்டை எடுத்து இரும்புத் தகடு அடிச்சு, காத்து அடியால புகுந்து தூக்காம இருக்க பக்கத்துத் தகடுகளை நிலம் வரைக்கும் இறக்கிற மாதிரிச் செய்து வச்சிருந்தார், நிறை 6 தொன்னுக்கு மேல. அது படம் எடுக்கவெண்டே செய்த சாமான். மற்ற ஆக்கள் கனபேர் சாதாரணக் காரிலயும் எஸ்யூவியிலயும்தான் போறது, ஆலங்கட்டி விழுந்து பொனெட் முழுக்கக் குழி விழுந்து, முன்கண்ணாடி வெடிச்ச வண்டிகள்.

பெரிய வண்டி எண்டா பாதுகாப்பு எண்டும் இல்ல. 2013 மே 31, ஒக்லஹோமாவில எல் ரீனோ எண்ட இடத்தில வந்த டொர்னாடோ 4 கிலோமீற்றருக்கு மேல அகலம். டிம் சமராஸ் எண்ட நல்ல அனுபவசாலி, தன்ர மகன் போல், கூட வேலை செய்த கார்ல் யங், மூண்டு பேரும் அதுக்குள்ள அம்பிட்டுச் செத்துப்போனாங்க. அவங்க போனது ஷெவ்ரோலே கோபோல்ட் எண்ட சின்னக் கார். ஆனா அதே நாள் ஒரு டிவி சனலின்ர ஜிஎம்சி யூகோன், பெரிய எஸ்யூவி, அதையும் காத்து தூக்கி உருட்டி வயலுக்குள்ள போட்டது, உள்ளுக்க இருந்த ஆக்கள் தப்பினது அவங்கட நல்ல காலம். டொர்னாடோ திடீரெண்டு பெருத்து திசை மாறி வேகமெடுத்ததுதான் காரணம், அதுக்கு முன்னால சின்னக் கார் பெரிய கார் எண்ட வித்தியாசம் இல்ல.

இனி நம்மட பக்கத்துக்கு வருவம். இஞ்ச புயல் எண்டா வங்காள விரிகுடாவில இருந்து வாற சூறாவளி. 1964 டிசம்பர்ல வடக்கு இலங்கையை அடிச்சுப்போட்டு தனுஷ்கோடிக்குப் போனது, 1978 நவம்பர் 23 மட்டக்களப்பை அழிச்சது, 2000 டிசம்பர் 26 நம்மட திருகோணமலைக் கரைக்கே வந்தது, 2020 டிசம்பர் 2 இரவு புரெவி குச்சவெளி, திரியாய்ப் பக்கத்தால உள்ளுக்க ஏறினது, 2025 நவம்பர் கடைசியில டித்வா. வயசு போன ஆக்களிட்டக் கேட்டா ஒவ்வொண்டுக்கும் ஒரு கதை சொல்லுவினம். இதுகளை யாரும் துரத்தத் தேவையில்ல தம்பி, அது நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அகலம், வாற வேகம் பல நேரம் சைக்கிள் வேகம்தான், ரெண்டு மூண்டு நாளுக்கு முதலே வளிமண்டலவியல் திணைக்களம் சொல்லிப்போடும். வந்த பிறகு பாக்க என்ன இருக்கு? புரெவி வந்தது ராவில, கரண்டும் இல்ல, சாய்ஞ்சு அடிக்கிற மழையில லைட்டைப் போட்டா வெள்ளைச் சுவர்தான் தெரியும். சூறாவளி நேரத்தில ரோட்டில ஆளைக் கொல்லுறது மரம், கரண்ட் வயர், வெள்ளம். அந்த நாளுக்கு வண்டியை ஒரு மேட்டில, மரம் இல்லாத இடத்தில நிப்பாட்டிப்போட்டு வீட்டுக்குள்ள இருங்க, ஹாண்ட்பிரேக் போட்டு கியரிலயும் விட்டுவிடுங்க, அவ்வளவுதான்.

நீங்க துரத்தக்கூடியது இடிமழை. அதில திருகோணமலைக்காரருக்குக் குறை ஒண்டும் இல்ல. சித்திரையிலயும் ஐப்பசியிலயும் பின்னேரம் பின்னேரமா வரும். தென்மேற்கால கச்சான் காத்து அடிக்கிற காலத்திலயும், ஆவணி புரட்டாதி போல, பகல் முழுக்க வெயில் எரிச்சு கந்தளாய், ஹொரவப்பொத்தானைப் பக்கம் முகில் கோபுரம் கோபுரமா எழும்பி, கச்சான் காத்தோட கிழக்கால தள்ளுப்பட்டு வந்து, பொழுது படக்குள்ள ஊருக்கு மேலால போய், பிறகு ராவில கடலுக்கு மேல நிண்டு மின்னும். நீங்க ஓடிப் பிடிக்கத் தேவையில்ல, அது உங்கட தலைக்கு மேலால கடலுக்குத்தான் போகுது. ஹிமவாரி எண்ட ஜப்பான் வானிலைச் சற்றலைற்றின்ர படம் 10 நிமிஷத்துக்கு ஒருக்கா புதுசா வருது, போனில பாக்கலாம், கந்தளாய்க்கு மேல வெள்ளையா ஒரு பூ விரியுது எண்டா உங்களுக்கு நேரம் இருக்கு.

இப்ப வண்டி. உங்கட பிரச்சினை வண்டி இல்ல, ரோட்டு. அவங்களுக்கு மைலுக்கு ஒரு ரோட்டு, உங்களுக்கு உப்புவெளியில இருந்து நிலாவெளி, இறக்கக்கண்டிப் பாலம், குச்சவெளி, புல்மோட்டை எண்டு ஒரே ஒரு ரோட்டு, ஒரு பக்கம் கடல், கன இடத்தில மற்றப் பக்கம் களப்பு. சாம்பல்தீவுப் பாலத்துக்கு அங்கால நிண்டுகொண்டு இருக்கக்குள்ள பின்னால ஒரு மரம் விழுந்தா எண்பது லட்ச ரூபா கெப்பும் நிக்கும், ஆல்டோவும் நிக்கும். கண்டி ரோட்டால கந்தளாய்க்குப் போனாலும், ஹொரவப்பொத்தானை ரோட்டால போனாலும் இதே கதைதான், அதில ராவில யானையும் சேரும். அதால முதல்ல நிக்கிற இடத்தைத் தெரிவு செய்யுங்க. அதுக்குப் பிறகு அந்த இடத்துக்குப் போய்த் திரும்பி வர எந்த வண்டி போதும் எண்டு பாருங்க. அப்பிடிப் பாத்தா உங்களுக்கு ஆல்டோவே காணும்.

சிரிக்காதீங்க. மின்னலுக்கு முக்கியம் இரும்பு உடம்பு. மின்னல் விழுந்தா கரண்ட் வெளித் தகட்டால ஓடி நிலத்துக்குப் போகும், உள்ளுக்க கதவு கண்ணாடியைச் சாத்திப்போட்டு இரும்பைத் தொடாம இருக்கிற ஆளுக்குப் பொதுவா ஒண்டும் நடக்காது. ரப்பர் ரயர் காப்பாத்துது எண்டு ஊரில கதைக்கிறது பிழை, முகிலில இருந்து கிலோமீற்றர் கணக்கில காத்துக்குள்ளால பாஞ்சு வாற சாமானுக்கு நாலு விரற்கடை ரப்பர் என்ன செய்யும்? இந்த விஷயத்தில ஆல்டோவும் டபிள் கெப்பும் ஒண்டுதான். கன்வஸ் கூரை போட்ட ஜீப்தான் சரிவராது.

ஜிம்னி நல்ல வண்டி, நிலத்துக்கும் அடிக்கும் இடையில 210 மில்லிமீற்றர் இடைவெளி, ஃபோர் வீல். மணல் ரோட்டுக்கு அதைப் போல இல்ல. ஆனா 2020ல நிப்பாட்டின கார் இறக்குமதியை 2025 பெப்ரவரியில திரும்பத் திறந்தும் விலை இறங்கின பாட்டைக் காணேல்ல, அந்தக் காசுக்கு மின்னல் படம் எடுக்கிற கமரா கடையே போடலாம். டபிள் கெப் எடுக்கிறதெண்டா அதை வேற வேலைக்கும் பாவிக்கிற ஆளா இருக்கவேணும், கட்டிட வேலை, மீன் ஏத்துறது எண்டு. மாசத்தில ரெண்டு பின்னேரம் மழை பாக்க கெப் எடுத்து லீசிங் கட்டுறது பைத்தியம், நீங்களே பேரை அப்பிடித்தான் போட்டிருக்கிறீங்க.

கேடிஎச்சைப் பத்திச் சிநேகிதனுக்குச் சொல்லுங்க, படுக்க நல்லம், காத்துக்குக் கூடாது. காத்தின்ர தள்ளு வேகத்தின்ர வர்க்கமா ஏறும். மணிக்கு 40 கிலோமீற்றர் காத்தில இருக்கிற தள்ளு 80ல ரெண்டு மடங்கு இல்ல, நாலு மடங்கு. உயர்ந்த கூரை வானுக்குப் பக்கம் முழுக்கத் தகடு, கிண்ணியாப் பாலத்தில ஏறிப் பாருங்க, வாடைக் காத்து நாளில ஸ்டீரிங் தானாத் திரும்பும்.

ஆல்டோவில செலவழிக்க வேண்டிய இடம் ரயர். தண்ணி நிண்ட ரோட்டில ரயர் மிதக்கத் தொடங்குற வேகம் காத்தழுத்தத்தில தங்கியிருக்கு, 32 பிஎஸ்ஐ எண்டா கணக்குப்படி மணிக்குக் கிட்டத்தட்ட 94 கிலோமீற்றர். அது விமான ரயருக்கு நாசா போட்ட கணக்கு, உங்கட ரயர் தேஞ்சிருந்தா அதுக்கு எவ்வளவோ முதலே மிதக்கும். ரயர்ப் பூவின்ர (மேல இருக்கிற வெட்டின்ர) ஆழம் 3 மில்லிமீற்றருக்குக் கீழ போயிட்டா மழைக்காலத்துக்கு முதல் மாத்துங்க. வைப்பர் ரப்பர் ரெண்டும் புதுசாப் போடுங்க. பின் கண்ணாடி ஹீட்டர் வேலை செய்யுதோ பாருங்க, மழைக்க நிண்டா உள்ளுக்க ஆவி பிடிச்சு ஒண்டும் தெரியாது, ஏசி போட்டாத்தான் விடும். எண்ணெய் எப்பவும் அரைக்கு மேல, கரண்ட் போனா ஜெனரேட்டர் இல்லாத ஷெட்டில பம்ப் வேலை செய்யாது. 2022ல வரிசையில நிண்ட ஆக்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்ல.

நிப்பாட்டுற நேரம் வண்டியின்ர முகத்தைத் திரும்பிப் போற பக்கம் வச்சு நிப்பாட்டுங்க. கடற்கரை மணலில இறக்காதீங்க. உவர்மலைப் பக்கம் மேட்டில, வேப்பமரத்துக்குக் கீழ இல்லாம, கண்ணாடியைச் சாத்தி, கமராவை டாஷ்போர்ட்டில வச்சு எடுத்தா கடல் பக்கத்து மின்னல் அத்தனையும் வரும்.

கேள்வி: என்ட மகனுக்கு மின்னலைப் படம் எடுக்கிற பழக்கம் வந்திருக்கு. இடி இடிக்கத் தொடங்கினதும் பைக்கை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போறான். மழைக்கோட்டு, சப்பாத்து எல்லாம் போட்டுத்தான் போறான், பயமில்ல எண்டுறான். இல்லாட்டி வாப்பாவின்ர ஓட்டோவை எடுத்துக்கொண்டு போகச் சொல்லவா?
- ஒரு தாய், கிண்ணியா

பதில்: ராத்தா, பைக்கும் வேணாம், ஓட்டோவும் வேணாம். பைக்கில போற ஆள் வெட்டையில உயரமா நிக்கிற ஒரே சாமான். ஓட்டோவுக்குக் கூரை இருக்கு, ஆனா அது ரெக்சின், பக்கம் ரெண்டும் திறந்தது, மழையில நனையாம இருக்கலாம், மின்னலுக்கு அது குடை பிடிச்ச கணக்குக்கூட இல்ல. ரப்பர் சப்பாத்தும் அப்பிடித்தான்.

மகனுக்கு ஒரு கணக்கு சொல்லிக்குடுங்க. மின்னலைக் கண்ட உடன எண்ணத் தொடங்கி இடிச் சத்தம் கேக்கும்வரை எண்ணவேணும். சத்தம் ஒரு கிலோமீற்றர் வர கிட்டத்தட்ட 3 செக்கன். 30 எண்ண முதல் இடி கேட்டா மின்னல் 10 கிலோமீற்றருக்குள்ள நிக்குது, அப்ப வீட்டுக்குள்ளயோ காருக்குள்ளயோ இருக்கவேணும். கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் போகும்வரைக்கும் வெளிய வரக்கூடாது, கன பேருக்கு அடிபடுறது மழை விட்டுட்டுது எண்டு எழும்பிப் போற நேரத்தில. தூரத்தில மின்னுறதை வீட்டு ஜன்னலுக்குள்ளால எடுத்தாலும் படம் படம்தான், கொட்டியாரக் குடாவுக்கு மேல மின்னுறதை எடுக்கக் கிண்ணியாவை விட வேற இடம் எதுக்கு. கார் இருக்கிற மாமா மச்சான் ஆரும் இருந்தா அவங்களைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்க.

கேள்வி: என்னிட்ட பழைய எல்200 டீசல் இருக்கு. வெருகல், ஈச்சிலம்பற்றைப் பக்கம் வெள்ளம் வந்தா சாமான் ஏத்திக்கொண்டு போறது நாங்கதான், அப்பிடியே புயல் நேரத்தில வீடியோவும் எடுத்துப் போடுறம். இப்ப ஸ்னோர்கல் பூட்டப் போறன். பூட்டினா எவ்வளவு ஆழம் இறங்கலாம்?
- கெப் நானா, மூதூர்

பதில்: நானா, நீங்க செய்யுற வேலைக்கு முதல்ல ஒரு சலாம். ஆனா ஸ்னோர்கல் பூட்டினா ஆழம் கூடும் எண்டு நினைச்சு இறங்குறதுதான் பயமான விஷயம், அதைக் கொஞ்சம் விரிவாச் சொல்லுறன்.

ஸ்னோர்கல் செய்யுறது ஒரே ஒரு வேலை, இஞ்சின் மூச்சு எடுக்கிற வாயை மேல தூக்கி வைக்கிறது. அது ஏன் முக்கியம் எண்டா, ஒரு சிரிஞ்சில தண்ணியை நிரப்பி நுனியை விரலால அடைச்சுப்போட்டு அமத்திப் பாருங்க, அசையாது, காத்தெண்டா அமரும். இஞ்சின் சிலிண்டருக்குள்ள தண்ணி போனாலும் அதுதான், பிஸ்டன் மேல வந்து அமத்த இடமில்லாம கனெக்டிங் ரொட் வளைஞ்சுபோகும். டீசலில அமுக்கம் கூட, அதால சேதமும் கூட. டீசலுக்குப் பொறி அடிக்கிற ஸ்பார்க் பிளக் இல்ல, நனைஞ்சாலும் ஓடும் எண்டு சொல்லுறது பழைய மெக்கானிக்கல் பம்ப் இஞ்சினுக்கு ஓரளவு உண்மை, ஆனா மூச்சுக்குழாயால தண்ணி போனா எந்த டீசலும் தப்பாது. தண்ணிக்குள்ள நிண்டுபோன வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் அடிக்கக் கூடாது எண்டு சொல்லுறது இதுக்குத்தான். இழுத்து வெளிய எடுத்து, ஃபில்டரைக் கழட்டிப் பாத்து, நனைஞ்சிருந்தா இன்ஜெக்டரோ ஹீட்டர் பிளக்கோ கழட்டி இஞ்சினைக் கையால சுத்தித் தண்ணியை வெளிய தள்ளின பிறகுதான் சாவி.

உங்கட வண்டியின்ர வாய் இப்ப எங்க இருக்கு எண்டு நாளைக்கே பாருங்க. பொனெட்டைத் திறந்து எயார் ஃபில்டர் பெட்டியில இருந்து போற தடிச்ச குழாயைக் கையால தடவிக்கொண்டு போங்க. கன வண்டியில அது ஹெட்லைட்டுக்குப் பின்னால, மட்கார்ட் உள்ளுக்கப் போய் முடியும். நிலத்தில இருந்து அந்த வாய் வரைக்கும் டேப் பிடிச்சு அளந்து, அதில பாதிக்கு ஒரு கீறு கதவில போட்டு வையுங்க. பாதி ஏன் எண்டா வண்டி போகக்குள்ள முன்னால அலை எழும்பும், எதிர்ப்பக்கத்தால லொறி ஒண்டு வந்தா இன்னும் எழும்பும். ஸ்னோர்கல் பூட்டினாலும் டிஃபரென்ஷல் (சில்லுகளுக்கு விசையைப் பிரிச்சுக் குடுக்கிற பெட்டி), கியர்பெட்டிக்கு இருக்கிற மூச்சுக் குழாயளும் அந்த உயரத்துக்கு வரவேணும். நெடுக ஓடிச் சூடான டிஃபரென்ஷல் குளிர் தண்ணியில திடீரெண்டு இறங்கினா உள்ளுக்க இருக்கிற காத்து சுருங்கி சீலுக்குள்ளால தண்ணியை உறிஞ்சும். அடுத்த சர்வீசில எண்ணெய் பால்த்தேத்தண்ணி நிறத்தில வந்தா அதுதான் காரணம்.

புது வண்டியளுக்கு கொம்பனியே ஆழம் குடுத்திருக்கு, ஹைலக்ஸ் 700 மில்லிமீற்றர், ஃபோர்ட் ரேஞ்சர் 800. இது நிண்ட தண்ணிக்கு மட்டும், அதுவும் மெதுவாப் போனா. ஓடுற தண்ணிக்கு இந்தக் கணக்கு செல்லாது. ஓடுற வெள்ளம் 30 சென்ரிமீற்றர் வந்தாலே சின்னக் காரைத் தள்ளும், 60 வந்தா கெப்பையும் எஸ்யூவியையும் கொண்டுபோகும், 15 சென்ரிமீற்றரிலயே ஆளின்ர கால் வழுக்கும். வண்டி மிதக்கத் தொடங்கினா ரயருக்குப் பிடி இல்ல, ஸ்னோர்கல் மேல நிண்டு மூச்சு எடுக்கும், வண்டி பக்கவாட்டில போய்க்கொண்டிருக்கும். வெருகல் ஆத்துப் பக்கம் ரோட்டுக்குக் குறுக்கால தண்ணி ஓடுதெண்டா கீழ ரோட்டு இருக்கோ மதவு இடிஞ்சுபோச்சோ எண்டும் தெரியாது. பின்னுக்குச் சாமான் ஏத்தியிருந்தா கொஞ்சம் நிறை கூடும் எண்டு நினைச்சும் இறங்காதீங்க.

கரண்ட் வயர் விழுந்த இடத்தில இறங்கவே வேணாம், வண்டி மேல வயர் விழுந்தா உள்ளுக்கயே இருங்க. நெருப்புப் பிடிச்சு இறங்கியே ஆகவேணும் எண்டா வண்டியையும் நிலத்தையும் ஒரே நேரத்தில தொடாம ரெண்டு காலையும் சேத்துக் குதிச்சு, கால் ரெண்டும் ஒட்டினபடி அரக்கி அரக்கிப் போகவேணும். 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம், போனில போட்டு வையுங்க. களப்புத் தண்ணியில இறங்கி ஏறின பிறகு அடியை நல்ல தண்ணியால கழுவாம விட்டா பிரேக் பைப் உக்கும், பிரேக்கை மிதிச்சு மிதிச்சு கொஞ்சத் தூரம் ஓடிக் காயவும் வையுங்க.

கேள்வி: ஏன் இவ்வளவு யோசிக்கிறீங்க? உழவு மெஷின்தான் எல்லாத்துக்கும் மேல. வெள்ளம் வந்தா ஊரே அதிலதானே ஏறுது?
- தம்பலகாமம் விவசாயி

பதில்: ஓம் ஐயா, வெள்ளத்தில ஆக்களை ஏத்த அதுதான் ராசா, பெரிய சில்லு, மூச்சுக்குழாய் மேல, நிறையும் காணும். ஆனா பெட்டி கொழுவினா கவனம், ஓடுற தண்ணி பெட்டியைப் பக்கத்தால தள்ளி மெஷினையும் இழுத்துப் பிரட்டும், நிறையப் பிள்ளையளை ஏத்தினா இன்னும் மோசம். இடி மின்னல் நேரத்தில வயல் வெட்டையில கூரையில்லாத மெஷினில இருக்கிறது பைக்கில இருக்கிற மாதிரித்தான். புயல் படம் எடுக்க அதைக் கொண்டு போகாதீங்க, மணிக்கு 20 கிலோமீற்றரில போய் எதைத் துரத்துறது.

கேள்வி: எங்களுக்கு நிலாவெளியில சின்ன கெஸ்ட் ஹவுஸ். ஒக்டோபர், நவம்பர்ல வெள்ளைக்காரர் வாறது குறைவு. வானில ஏத்திக்கொண்டு போய் இடிமழை காட்டுற டுவர் ஒண்டு செய்யலாமா, எந்த வான் நல்லம்?
- நிலாவெளி வாசகி

பதில்: தங்கச்சி, யோசனை நல்லம், வான்தான் தேவையில்ல. உங்களுக்கு மேற்கால களப்புப் பக்கமும் கிழக்கால கடலும் தெரியுற மாடி இருந்தா அங்கயே கதிரை போட்டு, கம்பி வச்ச கொங்கிரீட் கூரைக்குக் கீழ, இடி கிட்ட வரக்குள்ள உள்ளுக்க கூப்பிட்டு தேத்தண்ணி குடுத்தா அதுவே டுவர். ஆக்களை ஏத்திக் காசுக்கு ஓடுற வானுக்கு அதுக்குரிய இன்சூரன்ஸ் வேணும், சும்மா வீட்டு வான் பொலிசியில ஏத்தினா பிறகு ஏதும் நடந்தா ஒண்டும் கிடைக்காது. ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு எண்டு சொல்லுற ஆக்களும் பொலிசியை எடுத்து வெள்ளம், சூறாவளி, மரம் விழுறது எல்லாம் அதில எழுதியிருக்கோ எண்டு வாசிங்க, கன பொலிசியில அது மேலதிகமாக் காசு கட்டிச் சேக்கிற சாமான். சூறாவளி எச்சரிக்கை வந்த நாளில ஒரு வெள்ளைக்காரரையும் எங்கயும் கூட்டிக்கொண்டு போகக் கூடாது, அவர் எவ்வளவு ஆசைப்பட்டாலும்.

கேள்வி: மழை பாக்க எண்டு பிரியஸில போய், அனுராதபுரச் சந்திக்கு அங்கால தண்ணி நிண்ட இடத்தில நிண்டுபோச்சு. தண்ணி சீட் வரைக்கும் வந்தது. இப்ப வத்திட்டுது, வண்டி அப்பிடியே நிக்குது. சிநேகிதங்கள் ஸ்டார்ட் பண்ணிப் பாப்பம் எண்டுறாங்க.
- பாலையூற்று வாசகர்

பதில்: அமத்தாதீங்க தம்பி, பவர் பட்டனில கையே வைக்காதீங்க. உங்கட வண்டியில ஹைபிரிட் பெட்டரி பின் சீட்டோட கிடக்கு, அதைக் குளிராக்கிற ஃபேன் காத்து எடுக்கிற துவாரம் பின் சீட்டுக்குப் பக்கத்தில, சீட் வரைக்கும் தண்ணி வந்திருந்தா அதுக்குள்ளால பெட்டரிக்கும் போயிருக்கும். 200 வோல்ட்டுக்கு மேல இருக்கிற சாமான், செம்மஞ்சள் நிற வயர் எங்க கண்டாலும் தொடக்கூடாது. சின்னக் கராஜ் மெக்கானிக் ஒருத்தர் நான் பாக்கிறன் எண்டு ஸ்பேனரோட வந்தா நன்றி சொல்லி அனுப்புங்க, ஹைபிரிட் படிச்ச, ரப்பர் கையுறை வச்சிருக்கிற ஆள்தான் பெட்டரியைத் துண்டிக்கிற சேர்விஸ் பிளக்கைக் கழட்டவேணும். அதுவரைக்கும் வீட்டுச் சுவரோட ஒட்டி நிப்பாட்டி வைக்காதீங்க, நனைஞ்ச பெட்டரி சில நேரம் நாள் கழிச்சும் சூடாகி எரியும், வெட்டையில விடுங்க. கதவு கண்ணாடியை இறக்கிவிட ஆசைப்பட்டு சாவி போடவும் வேணாம். இன்சூரன்ஸுக்கு தண்ணி வந்த கறை உள்ளுக்க எவ்வளவு உயரத்தில நிக்குது எண்டு கழுவ முதல் போட்டோ எடுங்க. கராஜுக்குக் கொண்டுபோகக்குள்ள கயிறு கட்டி இழுக்காதீங்க, பிரியஸின்ர முன் சில்லு உருண்டா மோட்டர் சுத்தி கரண்ட் பிறப்பிக்கும், தட்டு லொறியில முழு வண்டியையும் ஏத்தித்தான் கொண்டுபோகவேணும்.